இதயத்தில் கோளாறு இருந்தால் கருவிலேயே மூளை வளர்ச்சி பாதிக்குமா?

கேள்வி இது: ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் இதயத்திலிருந்து புறப்படும் இரு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் டி.ஜி.ஏ. என்று எழுதியிருக்கிறது. பிறந்ததும் ஆபரேஷன் செய்தால் இதயம் சரியாகிவிடும் என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் மூளை வளர்ச்சியும் பாதிக்கும் என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. கோளாறு இதயத்தில்தானே? வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் தாயிடமிருந்துதானே வருகிறது? பிறகு மூளைக்கு எப்படிப் பாதிப்பு வரும்? நான் ஏதாவது செய்ய முடியுமா?

கருவிலுள்ள குழந்தைகளின் இதய எக்கோ பார்ப்பதுதான் என் வேலை. இந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்கும் முன்பே மருத்துவர்கள் பேச வேண்டும் என்று நினைப்பவன் நான். ஆபரேஷனைப் பற்றி அரைமணி நேரம் விளக்குகிறோம், மூளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. அதனால்தான் பெற்றோர் நள்ளிரவில் தனியாகத் தேடிப் படித்துப் பயந்துபோகிறார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், பாதிக்கலாம். ஆனால் நீங்கள் பயப்படுவதுபோல மூளை சிதைந்துபோவது என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. மூளை தன் வயதுக்குச் சில வாரங்கள் பின்தங்கி முதிர்கிறது. எல்லா இதயக் கோளாறுகளும் இதைச் செய்வதில்லை. செய்யும் கோளாறுகளிலும் அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும். உங்களால் செய்ய முடிந்தவையும் சில உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். அது எது என்று பிறகு வருகிறேன். முதலில் இதயத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு என்பது புரிய வேண்டும்.

தாயின் ரத்தம் நேரடியாகக் குழந்தைக்குள் போவதில்லை. நஞ்சுக்கொடியில் இருவரின் ரத்தமும் மெல்லிய சவ்வுக்கு இரு புறமும் ஓடுகின்றன. குழந்தையின் ரத்தம் அங்கே ஆக்சிஜனையும் சர்க்கரையையும் ஏற்றிக்கொண்டு தொப்புள்கொடி வழியாக உள்ளே திரும்புகிறது. அப்போது அதன் ஆக்சிஜன் செறிவு 80 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். கருவின் உடலில் கிடைக்கும் மிகச் சிறந்த ரத்தம் அதுதான். அதில் ஒரு பங்கு கல்லீரலுக்குள் நின்று சுற்றாமல் ஒரு குறுக்குவழியில் புகுந்து, வேகமாக இதயத்தின் வலது மேலறையை அடைகிறது. வந்த வேகத்திலேயே, இரு மேலறைகளுக்கும் நடுவே கருவில் மட்டும் திறந்திருக்கும் வாசல் வழியாக இடது மேலறைக்குத் தாவிவிடுகிறது. அங்கிருந்து இடது கீழறை, அங்கிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி. மகாதமனியிலிருந்து முதலில் பிரியும் கிளைகள் இதயத் தசைக்குப் போகின்றன, அடுத்தவை தலைக்குப் போகின்றன.

தலையும் கைகளும் பயன்படுத்தித் திருப்பி அனுப்பும் ரத்தமும் அதே வலது மேலறைக்குத்தான் வந்து சேர்கிறது. அதன் செறிவு 45 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இரண்டு ஓட்டங்களும் ஒரே அறைக்குள் வந்தும் முழுவதுமாகக் கலந்துவிடுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கீழ்நோக்கி வலது கீழறைக்குப் போய், நுரையீரல் தமனியில் ஏறி, டக்டஸ் என்ற இணைப்புக் குழாய் வழியாக உடலின் கீழ்ப்பகுதிக்கும் நஞ்சுக்கொடிக்கும் போய்விடுகிறது. கொஞ்சம் கலப்பு நடந்த பிறகும், மூளைக்குப் போகும் ரத்தத்தில் செறிவு 60 முதல் 65 சதவீதம் வரை இருக்கும். கால்களுக்குப் போவதில் அதைவிடக் குறைவு. பாசன மொழியில் சொன்னால், கருவில் மூளைதான் தலைமடை. நல்ல தண்ணீர் முதலில் அங்கேதான் பாயும். கால்களும் குடலும் கடைமடை.

டி.ஜி.ஏ.வில் இந்த வரிசை தலைகீழாகிறது. மகாதமனி இடது கீழறையிலிருந்து கிளம்ப வேண்டியது, வலது கீழறையிலிருந்து கிளம்புகிறது. ஆகவே தலை பயன்படுத்தித் திருப்பி அனுப்பிய ரத்தமே வலது கீழறைக்கு வந்து, மகாதமனியில் ஏறி, மறுபடி தலைக்கே போகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து வந்த நல்ல ரத்தமோ இடது கீழறை வழியாக நுரையீரல் தமனிக்குள் போய், இன்னும் மூச்சு விடாத நுரையீரலுக்கும் உடலின் கீழ்ப்பகுதிக்கும் பாய்கிறது. மூளைக்கு வரும் ரத்தத்தின் அளவு குறைவதில்லை, அதன் தரம் குறைகிறது. குழந்தை வளர்கிறது, உதைக்கிறது, இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் இது தெரியாது. தாயிடமிருந்துதானே ஆக்சிஜன் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். வருவது உண்மைதான். வந்தது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இதயத்தின் அமைப்புதான் தீர்மானிக்கிறது.

மற்ற பெரிய கோளாறுகளில் கதை வேறு. இடது கீழறையே வளராமல் சிறுத்துப்போகும் ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் என்ற நிலையில், இரு வகை ரத்தமும் வலது பக்கத்தில் கலந்து, டக்டஸ் வழியாக மகாதமனியின் வளைவுக்குள் பின்னோக்கி ஏறி மூளைக்குப் போக வேண்டியிருக்கிறது. இங்கே தரமும் குறைகிறது, ஓட்டமும் தடைபடுகிறது. மூளையைப் பொறுத்தவரை மிகக் கவலையோடு பார்க்கப்படும் கோளாறு இதுதான். ஒற்றைக் கீழறை மட்டும் உள்ள மற்ற நிலைகளும் மகாதமனி வளைவு மிகவும் குறுகிய நிலைகளும் அதற்கு அருகில் வரும். கீழறைகளுக்கு நடுவே ஓட்டையும் நுரையீரலுக்குப் போகும் வழியில் குறுகலும் சேர்ந்து வரும் ஃபாலோட் வகைக் கோளாறில் பாதிப்பு பொதுவாக இடைப்பட்டது.

இதயச் சுவரில் சின்ன ஓட்டை மட்டும் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு ஏதோ ஒரு பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. அவர்களில் முதல் வருடத்திலேயே ஆபரேஷனோ, ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் செலுத்திச் செய்யும் கதீட்டர் சிகிச்சையோ தேவைப்படும் அளவு கடுமையானது ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான். நான் இங்கே பேசுவது அந்தக் கடுமையான பிரிவைப் பற்றி மட்டும். வேறு எந்தக் குறையும் இல்லாத சின்ன ஓட்டை கருவில் மூளைக்குப் போகும் ரத்தத்தை மாற்றுவதில்லை.

அடுத்த கேள்வி, ஏன் கடைசி மூன்று மாதங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள் என்பது. மூளையின் அடிப்படை வடிவம் முதல் சில மாதங்களிலேயே உருவாகிவிடுகிறது. ஆனால் அதன் எடையும் மடிப்பும் இணைப்பும் பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குப் பிறகு நடக்கும் வேலை. 34 வாரத்தில் மூளையின் எடை, முழுமாதத்தில் இருக்க வேண்டிய எடையில் 65 சதவீதம்தான். மீதி மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது கடைசி ஆறு வாரங்களில் சேர்கிறது. அவ்வளவு வேகமாக வளரும் உறுப்புக்கு அவ்வளவு ஆக்சிஜனும் சர்க்கரையும் வேண்டும். ஐந்தாம் மாதத்தில் மூளையின் தேவை சிறியது, குறைந்த தரமுள்ள ரத்தமே அதற்குப் போதும். தேவை ஏற ஏறத்தான் பற்றாக்குறை தலைகாட்டுகிறது. உங்கள் ஸ்கேனில் இப்போது மூளை சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தால், அது உண்மை. அதை நம்பலாம். ஆனால் இதே அளவுகளை ஏழாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் திரும்பப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் காலத்தில் மூளைக்குள் நடப்பதில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நரம்பு இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்புறை படிய வேண்டும். அது படிந்தால்தான் செய்தி வேகமாகப் போகும். அந்த உறையைத் தயாரிக்கும் ஒலிகோடெண்ட்ரோசைட் செல்கள் முதலில் முதிராத நிலையில் இருக்கின்றன. அந்த இளம் செல்கள் ஆக்சிஜன் குறைவைத் தாங்காதவை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் மூளையில் வெண்பொருள் என்ற பகுதி எளிதில் காயப்படுவதற்கு இதுவே முக்கிய காரணம். சாதாரணமாக முழுமாதம் நெருங்கும்போது அந்தச் செல்களில் பெரும்பகுதி முதிர்ந்து, ஆபத்தைத் தாண்டிவிடும். கடுமையான இதயக் கோளாறு உள்ள குழந்தையில் அந்த முதிர்ச்சி தாமதமாகிறது. முழுமாதத்தில் பிறந்தாலும் அதன் மூளை குறைமாதக் குழந்தையின் மூளையைப்போல நடந்துகொள்கிறது. பிறந்தவுடன் ரத்த அழுத்தமோ ஆக்சிஜனோ சற்று இறங்கினால், மற்ற முழுமாதக் குழந்தைகள் தாங்கிக்கொள்வதை இது தாங்குவதில்லை.

ஸ்கேனிலேயே கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமும் உண்டு. மூளையின் பக்கவாட்டில் சில்வியன் என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. மாதம் ஏற ஏற, அதன் மேல் உதடும் கீழ் உதடும் வளர்ந்து ஒன்றை ஒன்று நெருங்கிப் பள்ளத்தை மூட வேண்டும். ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட் போன்ற நிலைகளில் பிறந்த சில குழந்தைகளின் எம்.ஆர்.ஐ.யில் அந்தப் பள்ளம் இன்னும் வாய் திறந்தே இருப்பதைப் பார்க்கலாம். பேச்சோடு தொடர்புடைய பகுதிகள் அதன் கரையில் இருப்பதால் ரேடியாலஜி மருத்துவர்கள் அதைக் கவனமாகப் பார்ப்பார்கள். மேற்பரப்பில் மடிப்புகள் சற்றுக் குறைவு, ஒட்டுமொத்த அளவு சற்றுக் குறைவு என்பவையும் சேர்ந்தே வரும்.

இதெல்லாம் மருத்துவ உலகத்துக்கே மெதுவாகத்தான் தெரிய வந்தது. நெடுங்காலம், இதய ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்குப் பின்னால் படிப்பிலோ கவனத்திலோ சிரமம் வந்தால் பழி முழுவதும் ஆபரேஷன் மேல் விழுந்தது. இதயத்தை நிறுத்திவைத்து மெஷினில் ரத்தத்தை ஓட்டும் அந்த மணிநேரங்கள்தான் காரணம் என்று நினைத்தார்கள். அதை ஆராயவே பாஸ்டனில் 1988 முதல் 1992 வரை டி.ஜி.ஏ. குழந்தைகளை இரு பிரிவாக்கி, இருவேறு முறைகளில் ஆபரேஷன் செய்து, 16 வயது வரை தொடர்ந்து பரிசோதித்தார்கள். ரத்த ஓட்டத்தை முழுவதும் நிறுத்திவைத்த பிரிவில் முதல் வருடத்தில் உடலசைவு வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கியிருந்தது. ஆனால் பதின்வயதில் இரு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரு பிரிவிலுமே சிரமங்கள் இருந்தன. அப்படியானால் மெஷின் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

2007இல் சான் பிரான்சிஸ்கோவை மையமாகக் கொண்ட குழு ஒன்று, ஆபரேஷனுக்கு முன்பே முழுமாதக் குழந்தைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தது. 41 குழந்தைகள், டி.ஜி.ஏ.வும் ஒற்றைக் கீழறையும். அவர்களில் 13 பேரின் மூளையில் கத்தி படுவதற்கு முன்பே காயம் தெரிந்தது. மற்றவர்களின் மூளையும் வயதுக்கு இளையதாகவே இருந்தது. 2009இல் பிலடெல்பியாவில் நடந்த ஆய்வு இன்னும் தெளிவாகச் சொன்னது. டி.ஜி.ஏ.வும் ஹைப்போபிளாஸ்டிக் லெஃப்ட் ஹார்ட்டும் உள்ள 42 முழுமாதக் குழந்தைகளின் மூளை முதிர்ச்சி சராசரியாக ஒரு மாதம் பின்தங்கியிருந்தது. அடுத்த வருடம் பாஸ்டனில் கருவிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இதயக் கோளாறுள்ள 55 கருக்களையும் இயல்பான 50 கருக்களையும் ஒப்பிட்டதில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வாரம் ஏற ஏற வளர்ச்சியில் இடைவெளி விரிவது தெரிந்தது. இதன் பிறகுதான் பாதிப்பு பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது என்பதைப் பலரும் ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2015இல் டொராண்டோவிலிருந்து வந்த ஆய்வு. அவர்கள் எம்.ஆர்.ஐ. மூலம் கருவின் ரத்தக்குழாய்களில் ஓட்டத்தையும் ஆக்சிஜன் செறிவையும் நேரடியாக அளந்தார்கள். இதயக் கோளாறுள்ள 30 கருக்களில், மூளைக்குக் கொண்டுவரப்படும் ஆக்சிஜன் 15 சதவீதம் குறைந்திருந்தது. மூளை உண்மையில் செலவழிக்கும் ஆக்சிஜன் 32 சதவீதம் குறைந்திருந்தது. மூளையின் கன அளவு 13 சதவீதம் குறைவு. இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். வரத்து குறைந்ததைவிடச் செலவு அதிகமாகக் குறைந்திருக்கிறது. கிடைப்பது குறைவு என்று தெரிந்ததும் மூளை தன் வேலையையே மெதுவாக்கிக்கொண்டிருக்கலாம். அல்லது வேறு காரணத்தால் மூளையே முதலிலிருந்து சற்றுச் சிறியதாக வளர்ந்து, அதனால் குறைவாகக் கேட்டிருக்கலாம். இரண்டும் கலந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதயமும் மூளையும் கருவில் ஒரே காலத்தில், பல இடங்களில் ஒரே ஜீன்களின் கட்டளைப்படி உருவாகின்றன. இதயக் குழாய் துடிக்கத் தொடங்குவது கருத்தரித்த நான்காம் வாரத்தில். மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய் மூடுவதும் அதே வாரத்தில். நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து கிளம்பிப் போகும் செல்கள்தான் இதயத்திலிருந்து வெளியேறும் பெரிய குழாய்களைப் பிரித்து அமைக்க உதவுகின்றன. ஆகவே ஒரே ஜீன் பிழை இரண்டு உறுப்புகளையும் தொடலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருப்பதும், 22ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் போகும் நிலையில் இதயக் கோளாறோடு கற்றல் சிரமமும் சேர்ந்து வருவதும் இதற்கு உதாரணம். பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையில் புதிதாக ஏற்படும் ஜீன் மாற்றங்களும் உண்டு. இதயத்தோடு மற்ற உறுப்புகளிலும் குறையும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளில் அவை அதிகம் என்று 2015இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. டி.ஜி.ஏ.வைப் பொறுத்தவரை, மற்ற உறுப்புகள் சரியாக இருந்தால் குரோமோசோம் கோளாறு இருப்பது அரிது. இது உங்களுக்கு நல்ல செய்தி. இருந்தாலும் ஜெனடிக் டெஸ்ட் பற்றி உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

நஞ்சுக்கொடிக்கும் இதில் பங்கு உண்டு. இதயக் கோளாறுள்ள குழந்தைகளின் நஞ்சுக்கொடி சிறியதாகவோ ரத்தக்குழாய்கள் சரியாகக் கிளைக்காததாகவோ இருப்பதைப் பல ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஏற்றப்படும் ஆக்சிஜனே குறைந்தால், இதயம் எவ்வளவு சரியாகப் பிரித்து அனுப்பினாலும் மூளைக்கு முழுப் பங்கு வராது. இந்தத் துறையில் இப்போது வேகமாக ஆராய்ச்சி நடப்பது இங்கேதான்.

இத்தனையும் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. எதைச் சாப்பிட்டதால் இப்படி ஆனது, எதைத் தூக்கியதால் ஆனது என்று உங்களை நீங்களே விசாரணை செய்துகொண்டிருப்பீர்கள். சுற்றியிருப்பவர்களும் ஏதாவது சொல்லியிருப்பார்கள். இதயத்தின் அமைப்பு எட்டாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் கர்ப்பம் என்றே உறுதியாகியிருக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், சில மருந்துகள், ருபெல்லா போன்ற தெரிந்த காரணங்கள் சில உண்டு. அவை இருந்திருந்தால் மருத்துவர் கேட்டிருப்பார். பெரும்பாலான டி.ஜி.ஏ.வுக்கு யாராலும் சுட்டிக்காட்டக்கூடிய ஒரு காரணம் கிடையாது. நீங்கள் எதுவும் செய்துவிடவில்லை.

வரும் மாதங்களின் ரிப்போர்ட்டில் எம்.சி.ஏ. டாப்ளர் என்று ஒரு வரி வரும். மூளையின் நடுத்தமனியில் ரத்தம் ஓடும் விதத்தை அது அளக்கிறது. ஆக்சிஜன் போதவில்லை என்று உணர்ந்தால் கருவின் மூளை தன் ரத்தக்குழாய்களை அகலமாக்கிக்கொண்டு கூடுதல் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது பி.ஐ. என்ற எண் குறையும். வளர்ச்சி குன்றிய கருவில் இந்த எண் குறைந்தால் நஞ்சுக்கொடி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம், அவசரம். இதயக் கோளாறுள்ள கருவில் நஞ்சுக்கொடி நன்றாக இருந்தும் இந்த எண் குறையலாம். இதயத்தின் அமைப்பே அதற்குக் காரணமாக இருக்கும். ஆகவே அந்த ஒரு எண்ணைப் பார்த்து யாராவது உடனே பிரசவம் செய்துவிடலாம் என்றால், கருவின் இதயத்தைப் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஏனென்றால் நம் கையில் உள்ளவற்றில் மிகப் பெரியது, குழந்தை எந்த வாரத்தில் பிறக்கிறது என்பதுதான். 37 வாரம் ஆனால் முழுமாதம் என்று சொல்கிறார்கள். ஆரோக்கியமான குழந்தைக்கு அது ஓரளவு சரி. ஆனால் மூளை நாலு வாரம் பின்தங்கியிருக்கக்கூடிய குழந்தையை 37இல் வெளியே எடுத்தால், அதன் மூளைக்கு அது 33 வாரம்போல ஆகிவிடுகிறது. கடுமையான இதயக் கோளாறுள்ள குழந்தைகளில் 39 அல்லது 40 வாரத்தில் பிறந்தவர்களே ஆபரேஷனை நன்றாகத் தாங்குகிறார்கள், பிற்கால வளர்ச்சியிலும் முன்னே இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்க்கோ குழந்தைக்கோ வேறு அவசரம் வந்தால் அது தனி விஷயம், அப்போது காத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் தேதிக்கு வசதி, டாக்டர் ஊரில் இருக்கும் நாள், நல்ல நேரம் போன்ற காரணங்களுக்காக மட்டும் 37இலோ 38இலோ சிசேரியனுக்குச் சம்மதிக்காதீர்கள். இதயக் கோளாறு இருப்பதால் மட்டும் சிசேரியன் தேவை என்பதும் இல்லை.

அடுத்தது, எங்கே பிறக்கிறது என்பது. நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டதாக நான் சொன்ன விஷயம் இங்கே வருகிறது. கோளாறைக் கருவிலேயே கண்டுபிடித்துவிட்டீர்கள். டி.ஜி.ஏ. குழந்தை பிறந்து தொப்புள்கொடி அறுந்ததும், நுரையீரலில் ஏறும் ஆக்சிஜன் உடலுக்குப் போக வழியே இல்லாமல் போகலாம். மேலறைகளுக்கு நடுவே உள்ள வாசல் சிறியதாக இருந்தால் சில மணி நேரத்தில் குழந்தை நீலமாகிவிடும். தெரியாமல் சாதாரண இடத்தில் பிறந்த குழந்தை, கண்டுபிடித்து ஆம்புலன்ஸில் வந்து சேர்வதற்குள் மூளை பெரும் அடி வாங்கியிருக்கும். முன்பே தெரிந்திருந்தால் டக்டஸைத் திறந்து வைக்கும் ப்ரோஸ்டாகிளாண்டின் மருந்து தயாராக இருக்கும். பலூன் கதீட்டரால் அந்த வாசலைப் பெரிதாக்கும் குழு பக்கத்து அறையில் இருக்கும். கருவிலேயே கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்கு முன் மூளைக் காயம் குறைவு என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே குழந்தை இதய ஆபரேஷன் நடக்கும் மருத்துவமனையிலோ அதை ஒட்டிய இடத்திலோ பிரசவத்துக்கு இப்போதே பதிவு செய்யுங்கள். எட்டாம் மாத எக்கோவில் அந்த வாசலின் அளவையும் டக்டஸையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

தாய்க்கு ஆக்சிஜன் கொடுத்தால் குழந்தையின் மூளைக்குக் கூடுதலாகப் போகாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான யோசனைதான், ஆராய்ச்சியும் நடக்கிறது. ஆனால் நீண்ட நாள் தொடர்ந்து கொடுப்பதால் தலை வளர்ச்சி குறையுமோ என்ற கவலை ஆய்வாளர்களிடமே இருக்கிறது. மூளையைக் காக்கும் மருந்துகளும் இன்னும் சோதனை நிலையைத் தாண்டவில்லை. ஆய்வுத் திட்டத்துக்கு வெளியே இவற்றை யாராவது பரிந்துரைத்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ரத்தசோகை வராமல் இரும்புச் சத்து மாத்திரையைத் தவறாமல் எடுப்பது, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, வீட்டில் யாரும் உங்கள் பக்கத்தில் புகைக்காமல் இருப்பது ஆகிய சாதாரண விஷயங்கள்தான் நஞ்சுக்கொடிக்கு உண்மையில் உதவுபவை.

தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதயக் கோளாறுள்ள குழந்தையைச் சுமக்கும் தாய்மாரில் பெரும்பாலோருக்கு மன அழுத்தம் இருக்கிறது. அது நீண்டுபோனால் குழந்தையின் மூளை வளர்ச்சியோடும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. இதைக் கேட்டு, கவலைப்படுவதற்கும் சேர்த்துக் கவலைப்படத் தொடங்கிவிடாதீர்கள். துக்கம் வருவது இயல்பு. மனநல ஆலோசகரைப் பார்ப்பதும், கணவரோ அம்மாவோ ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கூட வருவதும், இதே ஆபரேஷன் முடிந்த குழந்தையின் பெற்றோரிடம் பேசுவதும் சிகிச்சையில் ஒரு பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஏற்பாடு செய்து தரும்படி மருத்துவரிடமே கேட்கலாம்.

எல்லாம் நல்லபடி நடந்தால் குழந்தை எப்படி இருக்கும்? டி.ஜி.ஏ.வுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் குழாய்களை இடம் மாற்றித் தைக்கும் ஆபரேஷன் நடக்கும். அதன் பிறகு மூளைக்குச் சரியான ரத்தம் போகும், வளர்ச்சியும் ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பாஸ்டன் ஆய்வில் 16 வயதை எட்டியவர்களின் அறிவுத்திறன் சராசரி பொது எல்லைக்குள்தான் இருந்தது. பெரும்பாலோர் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள். ஆனால் அவர்களில் 65 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் படிப்புக்கோ நடத்தைக்கோ கூடுதல் உதவி தேவைப்பட்டிருந்தது. உங்களிடம் எதையும் மறைக்க விரும்பாததால் இந்த எண்ணைச் சொல்கிறேன். அவர்கள் 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் பிறந்தவர்கள் என்பதையும், அன்றைக்கு இருந்த வசதி வேறு என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

சிரமம் வந்தால் அது எப்படி வரும் என்பது முக்கியம், ஏனென்றால் எளிதில் கண்ணில் படாது. முதல் வருடத்தில் பால் உறிஞ்சுவதில் களைப்பு, தலை நிற்பதிலும் உட்காருவதிலும் நடப்பதிலும் தாமதம். இரண்டு மூன்று வயதில் பேச்சு தாமதம். இவற்றைப் பெரும்பாலோர் கவனித்துவிடுகிறார்கள். தப்பிவிடுவது பள்ளி வயதில் வருபவை. பேச்சும் புத்தியும் நன்றாக இருக்கும், ஆனால் வேலையைத் திட்டமிட்டுச் செய்ய வராது. கவனம் சிதறும், நாலு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைக்கத் திணறும், எதிரில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்பது சட்டென்று பிடிபடாது. ஆசிரியர் சோம்பேறி என்பார், வீட்டில் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்பார்கள். மூளையின் இணைப்புகள் தாமதமாக முதிர்ந்ததன் தொடர்ச்சி அது என்று யாருக்கும் தோன்றாது. ஆபரேஷன் முடிந்து பத்து வருடம் ஆகிவிட்டதே, இதயம் நன்றாக இருக்கிறதே என்று இருந்துவிடுவார்கள். அந்தக் குழந்தைகளை நினைத்தால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். கொஞ்சம் முன்பே பரிசோதித்திருந்தால், பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் பள்ளியில் சிறு சலுகைகளும் எவ்வளவோ மாற்றியிருக்கும்.

அமெரிக்க இதயச் சங்கம் 2012இலேயே, இப்படிப்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் குறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குறிப்பிட்ட வயதுகளில் வளர்ச்சிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது. 2024இல் அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. ஆகவே ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அடுத்த எக்கோ எப்போது என்று கேட்கும்போதே, வளர்ச்சிப் பரிசோதனை எப்போது, யாரிடம் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருடத்துக்குள் ஒன்று, இரண்டு வயதை ஒட்டி ஒன்று, பள்ளியில் சேர்க்கும் முன் ஒன்று, பிறகு படிப்பு கடினமாகும் வகுப்புகளில் ஒன்று என்பது நியாயமான கணக்கு.

கடைசியாக, கருவில் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பது. எடுப்பதால் தீங்கு இல்லை, கதிர்வீச்சும் கிடையாது. அல்ட்ராசவுண்டில் மூளையில் ஏதாவது சந்தேகம் தோன்றினால் 30 வாரத்தை ஒட்டி எடுப்பது நல்லது. சந்தேகம் எதுவும் இல்லாவிட்டால், சராசரியைவிடச் சற்றுச் சிறியது என்ற ஒரு வரியை அது தரக்கூடும். உங்கள் குழந்தை எப்படிப் படிக்கும், எப்படிப் பேசும் என்பதை அந்த வரியை வைத்து யாராலும் சொல்ல முடியாது, சிகிச்சையும் அதனால் மாறாது. அந்த வரியோடு பத்து வாரம் வாழ முடியும் என்று உங்களுக்குத் தோன்றினால் எடுங்கள், இல்லாவிட்டால் தலையின் சுற்றளவை மாதாமாதம் ஸ்கேனில் பார்த்துக்கொண்டாலே போதும்.